பனியின்மேல் பெய்த மழை

1

போன கிழமை இங்கே முதற்பனி விழுந்தது. அன்று காலை திருகோணமலை உப்புவெளியிலிருந்து என் தங்கை செல்வி வீடியோவில் அழைத்தாள். தொலைபேசியைக் குசினி யன்னல் பக்கம் திருப்பி வெளியே காட்டினேன். வேலிக்கு அப்பால் இரண்டு மான்கள் அசையாமல் நின்றன. அவற்றின் முதுகில் பனி வெள்ளையாகப் படிந்து கிடந்தது. செல்வி முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“அண்ணா, இதுகள் குளிருக்குச் செத்துப்போகாதோ?”

“குளிருக்குச் சாகாது.”

“பின்ன எதுக்குச் சாகும்?”

நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அங்கே மாரி தொடங்கியிருந்தது, மின்சாரம் போயிருக்கும். பிறகு அவள் எடுத்தபோது வேறு கதைகள் வந்துவிட்டன. அவள் கேட்டதற்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் என்னிடம் இல்லை. ஒரு பனிக்காலம் முழுவதையும் சொல்லவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவின் மேற்கே, பெரிய மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். முதலில் எல்லாரையும்போல டொரொண்டோவில்தான் இருந்தோம். என் மனைவி வதனாவுக்கு இந்த ஊர் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை கிடைத்ததால், மகள் ஆரணி சிறுபிள்ளையாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டோம். நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறேன். இந்த ஊரில் தமிழ் பேசும் வீடு எங்களுடையது ஒன்றுதான்.

திருகோணமலைக்காரருக்கு மானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கோட்டைக்குள் படுத்திருக்கும். கடற்கரையில் நடக்கும். பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும். சைக்கிள் மணி அடித்தாலும் விலகாது. நான் உட்துறைமுக வீதியில் வளர்ந்தவன். காகமும் நாயும் ஊரில் இருப்பதுபோல மானும் இருக்கிறது என்றுதான் எனக்கு நினைப்பு. ஒரு மானை நின்று பார்த்ததாக ஞாபகம் இல்லை.

இங்கே வந்த பிறகுதான் மான் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பிழைக்க ஏலாது என்று தெரிந்தது. நான் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் பாதையை மறித்து மிருகங்கள் நின்றன. பஸ்ஸில் இருந்த வோக்கி டோக்கியில் அலுவலகத்தைக் கூப்பிட்டு ‘டியர்’ நிற்கிறது என்றேன். “ஹோர்ன் அடித்துவிட்டுப் போ” என்றார்கள். அடித்தேன். முன்னால் நின்றது மெதுவாகத் தலையைத் திருப்பியது. அதன் தோள் என் பஸ்ஸின் முன்கண்ணாடி அளவுக்கு உயர்ந்திருந்தது. கொம்பு ஒவ்வொன்றும் ஒரு ஆளின் கையைவிட நீளம். அது என்னைப் பார்த்த பார்வையில் நான் ஹோர்னிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு அலுவலகத்தில் இருந்தவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார், “அது எல்க். அடுத்த முறை எல்க் என்று சொல். எல்க் என்றால் நாங்கள்தான் காத்திருக்க வேண்டும்.”

2

ஆரணி மருந்தாளர் ஆவாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு, காட்டு விலங்குகளைப் பற்றிய படிப்புக்கு மாறப்போவதாகச் சொன்னாள். வதனா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. படிப்பு முடிந்து அரசாங்கத்தின் வனவிலங்கு அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், டொரொண்டோவில் இருக்கும் உறவினரிடம் வதனா “கவுண்மேந்து வேலை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

வேலை இதுதான். சில மான்களைப் பிடித்துக் கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் பட்டி கட்டி விடுவார்கள். அவை எங்கே போகின்றன, எங்கே மேய்கின்றன என்று பின்தொடர்வார்கள். ஒரு மான் நெடுநேரம் அசையாமல் கிடந்தால் பட்டியின் சமிக்ஞை மாறும். அப்போது போய்ப் பார்க்கவேண்டும். பனிக்காலத்தின் கடைசியில் ஹெலிகொப்டரில் பறந்து பள்ளத்தாக்குகளில் நிற்கும் மான்களையும் எல்க்குகளையும் எண்ணுவார்கள். வெள்ளைத் தரையில்தான் அவை நன்றாகத் தெரியும்.

அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். விளங்கும், ஆனால் சில இடங்களில் ஆங்கிலம் உள்ளேயிருந்து இழுத்துவிடும். ஆங்கிலத்தில் பெண்மானை ‘ஷீ’ என்று சொல்லிச் சொல்லி, தமிழிலும் ‘அவ’ என்றுதான் சொல்வாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள், “அவ நேற்று முழுக்க ஆற்றைக் கடக்கப் பார்த்தா, ஏலாமல் திரும்பிப் போயிட்டா.” வதனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஆர் பிள்ளை? உன்னோட வேலை செய்யிறவவோ?”

“இல்லையம்மா. மான்.”

“மானுக்கு ஆரும் ‘அவ’ எண்டு சொல்லுவினமோ?”

“பின்ன ‘அது’ எண்டோ சொல்லுறது?” என்றாள் ஆரணி, உண்மையாகவே விளங்காமல்.

அந்த ‘அவ’ ஒரு பெண்மான். இங்கே வீடுகளைச் சுற்றி வரும் மான்களுக்குக் கோவேறு கழுதையின் காதுபோல நீண்ட காது. இதற்கு இடது காது நுனியில் கிழிந்திருந்தது. ஆரணி வேலைக்குப் போன முதல் வருடம் தன் கையால் பட்டி கட்டிய மான் அது. அவர்கள் மான்களுக்குப் பெயர் வைக்கமாட்டார்கள், இலக்கம்தான். வீட்டில் மட்டும் அதற்கு ‘அவ’ என்று பெயராகிவிட்டது.

3

பனிக்காலத்தில் மான் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை ஆரணிதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வதனா கேளாதவள்போல வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள், ஆனால் கேட்பாள்.

ஒரு முறை எங்கள் வேலியோரம் மான் ஒன்று படுத்திருந்தது. அதன்மேல் பனி விரலளவுக்கு ஏறியிருந்தது. “பாவம், விறைச்சுப் போச்சுதாக்கும்” என்றேன்.

“இல்லையப்பா. முதுகில பனி உருகாமல் கிடந்தா அவ நல்லா இருக்கிறா எண்டு அர்த்தம். உள்ளுக்குள்ள இருக்கிற சூடு ஒரு துளியும் வெளியில போகேல்லை. பனி உருகினாத்தான் நான் பயப்பிடுவன்.”

அதன் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே வெறுமையான குழாய் என்றாள். அந்த வெறுமைக்குள் இருக்கும் காற்றுத்தான் போர்வை. நான் கோட்டின்மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று அதைப் பார்த்தேன்.

அதைவிட ஆச்சரியமான விஷயம் பசி. இலை உதிரும் காலத்தில் மான் தின்று கொழுக்கும். பனி வந்ததும் பசியைத் தானே குறைத்துக்கொள்ளும். தீனியைக் கண்டாலும் முந்திபோலத் தின்னாது. நடையைக் குறைக்கும். காற்றுப் படாத இடத்தில் நிற்கும், படுக்கும். உடம்பில் சேர்த்த கொழுப்பை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைத்து, கரைந்து முடிவதற்குள் வசந்தம் வந்துவிடும் என்று காத்திருக்கும். வயிற்றுக்குள் குட்டியும் இருக்கும். அநேகமாக இரட்டை.

ஒரு காலை பஸ்ஸில் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கின் மறுபக்கச் சரிவில் எல்க் கூட்டம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பனி அவற்றின் நெஞ்சளவு. முன்னால் போன பெண் எல்க் நெஞ்சால் பனியைப் பிளந்து போனது. பின்னால் வந்தவையெல்லாம் ஒற்றை வரிசையில், அது பதித்த குளம்படியிலேயே காலை வைத்து நடந்தன. சிறிது தூரம் போனதும் முன்னது ஒதுங்கி நின்றது. அடுத்தது முன்னுக்கு வந்தது. ஒதுங்கியது மூச்சு வாங்கிக்கொண்டு நின்று வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டது. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சரிவில் ஒரே ஒரு கோடு மட்டும் மேலே மேலே போனது. நான் பஸ்ஸை ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். எப்போதும் சத்தம் போடும் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கத்து யன்னல்களுக்கு வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அன்று பாடசாலைக்குப் பிந்திப் போனோம். காரணம் எழுதும் இடத்தில் “எல்க்” என்று எழுதினேன். எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

4

இனி அந்தப் பனிக்காலத்தைச் சொல்கிறேன். போன வருடத்துக் கதை.

பனி வழக்கத்தைவிட முந்தியே வந்து ஆழமாக விழுந்தது. குளிரும் கடுமை. கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். ஆரணி கவலைப்படவில்லை. “இதுக்குத்தானே அவை ஆயத்தமா இருக்கினம்” என்றாள்.

தை மாதம் ஒரு நாள் மலைப் பக்கமிருந்து காற்று மாறியது. இளஞ்சூடான காற்று. கூரையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. நான் கோட்டைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். மத்தியானம் மழை பெய்தது. பனி அல்ல, உண்மையான மழை. வதனா யன்னலைத் திறந்துவிட்டு அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் திருகோணமலைப் பக்கம் ஈச்சிலம்பற்று என்ற ஊரில் வயற்காரர் வீட்டுப் பிள்ளை. மழைச் சத்தம் கேட்டால் அவளுடைய முகமே மாறிவிடும்.

ஆரணி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றாள்.

“உள்ள வா பிள்ளை, என்ன நல்ல மழை” என்றாள் வதனா.

“அம்மா, இது கூடாது.”

“மழை கூடாதோ?”

“இந்த மழை கூடாது.” அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்குத் திரும்பக் குளிர் வரும். இவ்வளவும் ஐஸ் ஆயிடும்.”

அப்படியே ஆயிற்று. அடுத்த நாள் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணாடி போட்டதுபோல இருந்தது. சூரியன் பட்டபோது கண் கூசிப் பார்க்க முடியாத அழகு. பாடசாலைக்கு விடுமுறை விட்டார்கள். நான் வாசலில் இரண்டு முறை விழுந்தேன்.

பனியென்றால் மான் முன்னங்காலால் தோண்டிக் கீழே இருக்கும் செடியை எடுத்துவிடும். ஐஸ் என்றால் தோண்ட முடியாது. சிறிய குளம்பு ஒவ்வோர் அடிக்கும் ஐஸை உடைத்துக்கொண்டு கீழே இறங்கும். உடைந்த விளிம்பு காலைச் சீவும். பனியில் நடந்தால் ஒரு பங்கு கொழுப்புக் கரையுமென்றால், இதில் பல மடங்கு கரையும். ஓநாய்க்கும் நரிக்கும் பாதம் அகலம். அவை ஐஸின் மேலே வழுக்காமல் ஓடும். எங்கள் வேலியோரம் இருந்த தடங்களில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இரத்தம் இருந்தது.

எல்க்குகளுக்கு உடற்பலம் உண்டு. முன்னங்காலை உயர்த்தி அடித்தால் ஐஸ் தகடு தகடாக உடையும். அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அவை உடைத்து மேய்ந்துவிட்டுப் போன குழிகளில் சின்ன மான்கள் வந்து மிச்சத்தைத் தேடி நின்றதை நான் பஸ்ஸில் போகும்போது தினமும் கண்டேன். பெரியது முன்னே போக, சிறியது பின்னே வரும். எல்க்குகளிலும் குட்டிகளால் உடைக்க முடியவில்லை. தாய் உடைத்துவிட்டு விலகி நிற்கும். அந்தத் தாய்களின் இடுப்பெலும்பு நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டு வந்தது. நான் கோவிலில் நிற்கிறவன்போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் செத்தவை போன வசந்தத்துக் குட்டிகள். பிறகு, இலையுதிர் காலத்தில் பெண்களுக்காகச் சண்டை பிடித்துக் களைத்துப்போன கிழட்டு ஆண்கள். ஆரணியின் தொலைபேசியில் சமிக்ஞைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தொடையெலும்பை வெட்டிப் பார்ப்பார்களாம். உள்ளே மஜ்ஜை வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் வேறு காரணத்தால் செத்தது. சிவந்து பாகுபோல இருந்தால் கடைசிக் கொழுப்பும் கரைந்துவிட்டது. “எல்லாம் சிவப்பு” என்பாள்.

5

ஊரில் சனங்கள் கொந்தளித்துவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் மான்கள் விழுகின்றன. அரசாங்கம் ஏன் வைக்கோல் போடவில்லை என்று கேட்டார்கள். ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அலுவலகத்திலிருந்து விளக்கம் சொல்ல ஆரணியை அனுப்பினார்கள். நானும் வதனாவும் கடைசி வரிசையில் போய் இருந்தோம்.

ஆரணி நின்று சொன்னாள். பனிக்காலத்தில் மானின் வயிறு சுள்ளியையும் பட்டையையும் செரிக்கப் பழகியிருக்கும். அதற்கென்றே வயிற்றுக்குள் நுண்ணுயிர்கள் மாறியிருக்கும். திடீரென்று சோளமோ நல்ல வைக்கோலோ போட்டால் செரிக்காது. வயிறு நிறைந்தபடியே சாகும். ஓரிடத்தில் கூடினால் நோய் தொற்றும். பனி குறைந்த வருடங்களில் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, மேய இருந்ததையெல்லாம் மேய்ந்துவிட்டன. அந்தக் குறையும் இப்போது ஐஸோடு சேர்ந்து வந்திருக்கிறது என்றாள். குரல் நடுங்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். கோபக்காரி இல்லை, அழுதுகொண்டிருந்தாள். “உனக்கு எல்லாம் கணக்கு. நீ இந்த இடத்து ஆள் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

ஆரணி மேசையில் கிடந்த தாள்களைத் திரும்ப அடுக்கினாள். இந்த ஊரில்தான் அவள் எழுதப் படிக்கப் பழகினாள். நான் தரையைப் பார்த்தேன்.

பக்கத்தில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. வதனா எழுந்து நின்றாள். இத்தனை வருடத்தில் பத்துப் பேருக்கு முன்னால் அவள் ஆங்கிலம் பேசி நான் கண்டதில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

“நான் அவளுடைய தாய். அந்த மான்கள் சாப்பிடவில்லை. என் மகளும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் சமைத்து வைக்கிறேன். அப்படியே இருக்கிறது.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முன்வரிசைப் பெண் கூட்டம் முடிந்ததும் வந்து ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாசி முடியுமுன் ஒரு நாள் நான் வீட்டில் இருந்தபோது ஆரணி வதனாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வதனா கேட்டுக்கொண்டு அப்படியே அலுமாரியில் சாய்ந்தாள்.

“ஆர்? என்ன?” என்றேன்.

“அவ செத்துப்போனா” என்றாள் வதனா. அவளுடைய வாயிலும் ‘அவ’ என்றுதான் வந்தது.

கிழிந்த காது மான், ஆற்றங்கரையில், வயிற்றுக்குள் இரண்டு குட்டிகளோடு.

அதற்குப் பிறகும் ஆரணி ஹெலிகொப்டரில் போய் எண்ணி முடித்தாள். வேலையைக் குறையில் விடும் பிள்ளை அல்ல அவள். கடைசி நாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்தாள்.

“அப்பா, எனக்கு இனி எண்ண ஏலாது.”

சம்பளமில்லாத விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தாள். திரும்பி வருவதா இல்லையா என்று கோடை முடிவதற்குள் சொல்லவேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். வதனா இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

6

பாடசாலை முடிகிற ஆனி மாதத்தில், பிள்ளைகளை இறக்கிவிட ஒரு பண்ணை வாசலில் பஸ்ஸை நிறுத்தினேன். பாதையோரப் புல்லுக்குள் எல்க் ஒன்று நின்றது. நெஞ்செலும்பு இன்னும் தெரிந்தது. அதன் காலடியில் ஈரமாக ஏதோ அசைந்தது.

குட்டி. பிறந்து அதிகம் ஆகியிராது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. எங்கள் ஊர்க் கோட்டைப் புள்ளிமான் இங்கே எப்படி வந்தது என்று ஒரு கணம் மனம் தடுமாறிவிட்டது. எல்க் குட்டி புள்ளியோடுதான் பிறக்கும், பனி வருமுன் புள்ளி மறைந்துவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அது எழுந்தது, முழங்கால் மடிந்து விழுந்தது, மறுபடி எழுந்தது. தாய் நக்கி நிமிர்த்தியது. அந்தத் தாய் போன தை மாதம் ஐஸை அடித்து உடைத்துக்கொண்டு நின்றவற்றுள் ஒன்றாக இருக்கவேண்டும். தன் உடம்பிலேயே தனக்குப் போதாமல் இருந்த நாட்களில், இதற்கும் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தது?

வீட்டுக்கு வந்து ஆரணியிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“எழும்பினதோ?”

“எழும்பினது. பால் குடிச்சது.”

“எல்லாம் இந்த ஒரு சில கிழமைக்குள்ளதான் பிறக்கும்” என்றாள். “முந்திப் பிறந்தா மிச்சப் பனியில போயிடும். பிந்திப் பிறந்தா அடுத்த பனிக்குள்ள கொழுக்க நேரம் காணாது.” பிறகு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தப் பசும்புல்லிலும் பனிக்காலம்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எப்போது சேரவேண்டும், எப்போது பிறக்கவேண்டும், எப்போது கொம்பு முளைக்கவேண்டும், எப்போது விழவேண்டும் என்பதையெல்லாம் அதுவே வைத்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் அதுதான் அரசன்.

7

ஆவணியில் செல்வியின் மகளுக்குக் கல்யாணம். ஆரணியையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். அவள் முன்பு வந்தது ஐந்து வயதில். கடல் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். நான் பிறந்த நாட்டுக்குள் போக நானும் விசா எடுத்துத்தான் போகவேண்டும். விமான நிலையத்தில் அதிகாரி என் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு “எத்தனை நாள் நிற்பீர்கள்?” என்று கேட்டார். மகளிடமும் அதையே, அதே குரலில் கேட்டார்.

கல்யாணத்துக்கு முன் ஒரு காலை, கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோவிலுக்குப் போக நானும் ஆரணியும் புறப்பட்டோம். வதனா சமையலுக்கு உதவியாக வீட்டில் நின்றுகொண்டாள். என்னோடு படித்த ரஹீம் தன் ஓட்டோவைக் கொண்டுவந்தான். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடுப்பு மூட்டியதுபோல வீசியது. கோட்டை வாசலில் இராணுவத்தினர் பையைச் சோதித்தார்கள். உள்ளே மரநிழலில் மான்கள் படுத்திருந்தன.

ஆரணி ரஹீமின் தோளைத் தட்டினாள். “மாமா, நிப்பாட்டுங்கோ.”

இறங்கி மெதுவாக நடந்து போனாள். ஒரு மரத்தடியில் நின்றாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நான் பயந்துபோய் ஓடினேன்.

“என்னம்மா, தலைச் சுத்தோ?”

“அப்பா, அங்க பாருங்கோ.” அவள் விரல் நீட்டிய இடத்தில் ஓர் ஆண்மான் முழுக்கொம்போடு நின்றது. பக்கத்தில் ஒன்று மெத்தென்ற தோல் மூடிய இளங்கொம்போடு. இன்னும் ஒன்றுக்குக் கொம்பு விழுந்து தலை மொட்டையாக இருந்தது. தாயின் வயிற்றோடு ஒட்டி, பிறந்து சில நாளான குட்டி. அதற்கு அப்பால் பாதி வளர்ந்த குட்டி.

“புத்தகத்தில படிச்சிருக்கிறன். ஆனா இப்பிடி எல்லாரும் ஒண்டா நிப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை” என்றாள். “மாமா, இங்க குட்டி எந்த மாசம் போடும்?”

ரஹீம் தலையைச் சொறிந்தான். “எந்த மாசமும்தான் மகள். மாரியிலயும் கண்டிருக்கன், நோன்புக்கும் கண்டிருக்கன், பெருநாளைக்கும் கண்டிருக்கன். அதுக்கென்ன மாசம்?”

ஆரணியின் கண் நிறைந்திருந்தது.

“அப்பா, இங்க பிறக்கிறதுக்குப் பிழையான நாள் எண்டு ஒண்டு இல்லை.”

நான் அந்த மரத்தடியால் ஆயிரம் முறை சைக்கிளில் போயிருப்பேன். கொம்புள்ளதும் கொம்பில்லாததும் ஒன்றாக நிற்பது என் கண்ணில் பட்டதே இல்லை. பனி இல்லாத இடத்தில் மான்களுக்கு நாட்காட்டி இல்லை என்பதைப் பனிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நான் காணவேண்டியிருந்தது.

“நல்லாத்தான் சொல்றீங்க மகள்” என்றான் ரஹீம். “ஆனா இந்த நாளையில பாவம்தான். புல்லெல்லாம் காஞ்சுபோச்சு. ஊருக்குள்ள வந்து பொலித்தீனைத் தின்னுதுகள். போன கிழமையும் கடற்கரைப் பக்கம் ஒண்டு கிடந்தது.”

ஆரணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மான்களைப் பார்த்தாள். இப்போது பார்த்த விதம் வேறு. முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று கண் ஒவ்வொன்றாகப் போனது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள்.

“இங்க எத்தனை இருக்கும் மாமா? ஆராவது எண்ணினவையோ?”

“இதை ஆரு எண்ணுற?”

அவள் எண்ணத் தொடங்கினாள். ரஹீமும் எண்ணினான். காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் என்ன நடக்கிறது என்று வந்து பார்த்துவிட்டு, சிங்களத்தில் விரல் மடித்து எண்ணினான். மூன்று பேருக்கும் மூன்று தொகை வந்தது. ரஹீம் தன்னுடையதுதான் சரி என்றான். சிப்பாய் தலையை ஆட்டினான். “சரியில்ல ஐயா. அங்க மதில் பின்னாலயும் இருக்கு” என்று உடைந்த தமிழில் சொன்னான்.

“அப்ப பிரிச்சு எண்ணுவம்” என்றாள் ஆரணி. “மாமா, நீங்கள் இந்தப் பெரிய மரத்துக்கு அங்கால. தம்பி மதில் பக்கம். எண்ணினதைத் திரும்ப எண்ண வேண்டாம். குட்டியைப் புறம்பா எண்ணுங்கோ. அப்பா, நீங்கள் என்னோட வாங்கோ.” மண்டபத்தில் நடுங்காத அந்தக் குரல். இருவரும் மறுபேச்சில்லாமல் அவரவர் பக்கம் போனார்கள்.

நிழலோரமாக மெதுவாக நடந்தோம். அவள் மான்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், “அப்பா, ஒபிசுக்கு நான் இன்னும் பதில் எழுதேல்லை. வாறன் எண்டு எழுதப்போறன்.”

“ஓம்” என்றேன்.

கோவில் மணி கேட்டது. என் தொலைபேசி அடித்தது. வதனா.

“இஞ்சேருங்கோ, பூசை முடிஞ்சுதோ? எல்லாரும் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருக்கினம்.”

“கோவிலுக்கு இன்னும் போகேல்லை. கோட்டைக்குள்ள நிக்கிறம்.”

“கோட்டைக்குள்ள என்ன செய்யிறியள்?”

“பிள்ளை மான் எண்ணுறா.”

மறுபக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு வதனா மெல்லச் சொன்னாள்.

“ஆறுதலா எண்ணட்டும். நான் சோத்தை மூடி வைக்கிறன்.”